யந்திர அடியாட்கள்

உபாத்தியாயர் ஒருவர் டெலிவிஷனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நேயர்கள் இரண்டு விஷயங்களை எதிர்பார்ப்பார்கள். ஒன்று, பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்ற புலம்பல். மற்றொன்று, எங்கள் காலத்தில் இந்தப் பீடை கிடையாது என்ற பெருமை. பெருமை பேச நமக்கு யோக்கியதை இல்லை. பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில், பஞ்சாயத்துக் கட்டடத்தின் வாசலில் மரக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்த பெட்டியின் எதிரே, மண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அதிலே பெய்யும் வெள்ளைப் புள்ளி மழையைக்கூடக் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறோம். புலம்பவும் இன்றைக்கு உத்தேசமில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வி ஒரு மாதமாய் நம்மைத் தொந்தரவு செய்து கொண்டிருக்கிறது. அதை நேயர்கள் தலையில் இறக்கி வைப்பதே நோக்கம்.

அன்று நல்ல மழை. மின்சாரம் நின்று போயிற்று. பாடம் நடத்த இயலாத இருட்டு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த டெலிவிஷன் கதைகளைப் பற்றி வாதம் செய்து கொண்டிருந்தார்கள். ஒரு வில்லன், அவனிடம் ஆயிரக்கணக்கான ரோபோக்கள், கதாநாயகன் வாளை உருவி அவற்றை வாழைத் தண்டைப் போல் சீவித் தள்ளுகிறான். ஒரு பையன் எழுந்து நின்று அபிநயத்தோடு அதைச் செய்து காட்டினான். வகுப்பு ஆரவாரித்தது. அப்போது ஜன்னலோரம் இருந்த அந்தச் சிறுமி கேட்டாள்: "சார், தப்புப் பண்ணச் சொன்னது வில்லன்தானே? ரோபோ என்ன சார் பண்ணும்? அதை ஏன் வெட்டுறாங்க?"

"அது வெறும் தகரம். அதுக்கு வலிக்காது" என்றான் அபிநயக்காரன்.

"வலிக்கலேன்னா தப்பில்லையா?" என்றாள் அவள்.

நல்ல வேளையாக மணி அடித்தது. மணியடிக்கும் ஆசாமியைப் போல் உபாத்தியாயருக்கு உற்ற துணை உலகத்தில் வேறு கிடையாது.

டெலிவிஷன் விஞ்ஞானக் கதைகளைப் பார்த்திராத நேயர்களுக்காக இந்த யந்திர அடியாட்களின் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லி விடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே முகம். நடையும் ஒரே நடை. சம்பளம், சாப்பாடு, பண்டிகை முன்பணம் ஒன்றும் வேண்டாம். "போ" என்றால் போகும். "கொல்" என்றால் கொல்லப் பார்க்கும். 'பார்க்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் குறி தவறிச் சுடுவதில் இவற்றுக்கு நிகரான அசமந்தங்கள் ஈரேழு உலகத்திலும் இல்லை. நூறு யந்திரம் சுற்றி நின்று சுட்டாலும் கதாநாயகனின் தலைமயிர் கலைவதில்லை. அவன் ஒரு முறை வீசினால் பத்து விழும். விழுந்ததைப் பற்றி வில்லனுக்கும் வருத்தமில்லை, கதாநாயகனுக்கும் வருத்தமில்லை.

வருத்தம் வரக்கூடாது என்பதற்காகத்தான் அவற்றை யந்திரமாகச் செய்தார்கள் என்பது அநேகருக்குத் தெரியாது. நிஞ்ஜா ஆமைகள் என்று ஒரு கதை அமெரிக்காவில் 1984-ல் சித்திரப் புஸ்தகமாக வெளிவந்தது. அதிலே வில்லனுடைய ஆட்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள். 1987-ல் அதையே குழந்தைகளுக்கான டெலிவிஷன் தொடராக எடுத்தபோது அந்த ஆட்கள் அத்தனை பேரும் ரோபோக்களாகி விட்டார்கள். கதாநாயகர்கள் கையில் வாளும் சூலமும் இருக்கின்றன. குழந்தைகள் பார்க்கும் பெட்டியில் மனிதனை வெட்டிக் காட்ட முடியாது. வெட்டாமலும் கதை ஓடாது. மனிதனை எடுத்து விட்டுத் தகரத்தை நிறுத்தினார்கள், சங்கடம் தீர்ந்தது. 2001-ல் வந்த 'சாமுராய் ஜாக்' என்ற தொடரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆக்கு என்ற அசுரனின் வண்டு வடிவ யந்திரங்களை ஜாக் பிளக்கும்போது ரத்தம் பீறிடுவது போலவே ஒரு கறுப்புத் திரவம் பீறிட்டு அவன் மேலெல்லாம் வழிகிறது. எண்ணெயாம்! எண்ணெய்க்கு ஆட்சேபணை இல்லை. 1993-ல் தொடங்கிய 'பவர் ரேஞ்சர்ஸ்' என்ற தொடரிலோ வில்லியின் சேவகர்கள் களிமண் பொம்மைகள். ஆக, பிள்ளைகள் எண்ணற்ற வெட்டுக் குத்துக்களைப் பார்க்கிறார்கள். ஒரு கொலையும் பார்க்கவில்லை என்று பெற்றோர்கள் நிம்மதியாயிருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடா, கெட்ட ஏற்பாடா என்பதில் நமக்கு இன்னும் தீர்மானமான அபிப்பிராயம் ஏற்படவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: "அதை ஏன் வெட்டுறாங்க?" என்ற கேள்வி எழாமல் இருப்பதற்காகச் செய்த தந்திரம், ஏழாம் வகுப்பு ஜன்னலோரத்தில் பலிக்கவில்லை.

ரோபோ என்ற சொல்லின் பூர்வோத்தரத்தைத் தெரிந்து கொண்டால் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது. செக் தேசத்து எழுத்தாளர் கரேல் சாபெக் 1920-ல் ஒரு நாடகம் எழுதினார். மறு வருஷம் அது மேடையேறிற்று. மனிதனுக்குப் பதிலாக வேலை செய்வதற்கென்று தொழிற்சாலையில் தயாரித்த பிராணிகள் அதிலே வருகின்றன. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தபோது, ஓவியரான அவருடைய தமையனார் ஜோசப் சொன்ன சொல் 'ரோபோட்'. செக் பாஷையில் 'ரோபோட்டா' என்றால் குடியானவன் பண்ணைப் பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய ஊழியம். நம்முடைய பழைய கல்வெட்டுக்களில் 'வெட்டி' என்றும் 'அமஞ்சி' என்றும் வருகின்றனவே, அதே சமாசாரந்தான். 'வெட்டி வேலை' என்று நாம் இன்று அலட்சியமாகச் சொல்லும் வார்த்தைக்குள் எத்தனை பேருடைய முதுகெலும்பு இருக்கிறதென்று யார் நினைக்கிறோம்? ரோபோ என்பதைத் தமிழில் பெயர்த்தால் யந்திர மனிதன் என்பதைக் காட்டிலும் 'வெட்டியாள்' என்பதே பொருத்தம் என்று நமக்குப் படுகிறது. சாபெக்கின் நாடகத்தில் வந்த ரோபோக்கள் தகரமும் அல்ல, சதையைப் போன்ற ஒரு வஸ்துவால் ஆனவை, பார்வைக்கு மனிதர்களே. தகர உருவம் பிற்பாடு வந்த வேஷம்.

டெலிவிஷனுக்கும் இந்த வெட்டியாட்களுக்கும் உள்ள உறவும் புதிதல்ல. 1938-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி பி.பி.சி. ஸ்தாபனத்தார் சாபெக்கின் நாடகத்திலிருந்து முப்பத்தைந்து நிமிஷப் பகுதியை ஒளிபரப்பினார்கள். விஞ்ஞானக் கற்பனை டெலிவிஷனில் முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான் என்று சொல்கிறார்கள். ஆகவே, அந்தப் பெட்டியின் விஞ்ஞானக் கதைகளில் முதலில் குடிபுகுந்தவர்களே ரோபோக்கள்தாம்.

இதையெல்லாம் மேல்நாட்டார் சரக்கு என்று தள்ளி விடவும் வழியில்லை. நம்முடைய கொங்கு நாட்டிலேயே ஒரு யந்திர அடியாள் இருக்கிறது. அதுவும் சாதாரண அடியாள் அல்ல, யானை! கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையைத் தமிழ்த் தாத்தா சாமிநாதையரவர்கள் 1924-ல் பதிப்பித்தார்கள். அதன் ஆரம்பப் பகுதி நமக்குக் கிடைக்காமல் போய் விட்டது. ஆனாலும் கதை பிரசித்தமானது. உதயணன் என்ற அரசகுமாரன் யாழ் வாசித்து மதயானையையும் வசப்படுத்தும் வித்தை கற்றவன். உஞ்சை நகரத்து மன்னன் பிரச்சோதனனுக்கு அவனைப் பிடிக்க வேண்டும். நேரில் எதிர்க்கத் தைரியமில்லை. ஆகவே, ஒரு யந்திர யானையைச் செய்து, வயிற்றுக்குள் வீரர்களை அடைத்துக் காட்டிலே விட்டான். யானை என்று எண்ணி அருகில் வந்த உதயணன் சிறைப்பட்டான். உயிருள்ள யானையாயிருந்தால் யாழுக்கு மயங்கியிருக்கும். யஜமானனின் கட்டளையை மறந்திருக்கும். யந்திரத்துக்குக் காது ஏது? எந்த வில்லனும் யந்திரத்தை நாடுவதற்குக் காரணம் இதுதான். கதையின் பிற்பகுதியில் பிரச்சோதனனின் மகள் வாசவதத்தையை உதயணன் மணந்து கொள்கிறான்; வில்லன் மாமனாராகி விடுகிறான். நம் தேசத்துக் கதைகளில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் இது சகஜம் என்று சில நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

வயிற்றுக்குள் ஆள் இருக்கும் யந்திரத்தை மறுபடியும் 1963 டிஸம்பரில் இங்கிலாந்து டெலிவிஷனில் பார்க்கலாம். 'டாக்டர் ஹூ' என்ற தொடரில் வந்த டாலெக்குகள் அவை. டெர்ரி நேஷன் என்பவர் கதை எழுத, ரேமண்ட் கியூசிக் என்பவர் உருவம் அமைத்தார். கவிழ்த்து வைத்த பெரிய மிளகாய் ஜாடியைப் போன்ற கூடு. ஒரு கைக்குப் பதில் சாக்கடை அடைப்பு எடுக்கும் ரப்பர்க் குழல். கூட்டுக்குள்ளே நடிகர் ஒருவர் சிறு பலகையில் உட்கார்ந்து காலால் தள்ளித் தள்ளி நகர்த்துவார். பார்த்தால் சிரிப்புத்தான் வர வேண்டும். ஆனால் அந்தத் தேசத்துக் குழந்தைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டு பார்த்தார்கள். கதைப்படி கூட்டுக்குள் இருப்பது, இரக்கம் என்பதையே அறுத்தெறிந்து விட்ட ஒரு ஜீவன். 1975-ல் வந்த கதையில் இவற்றைப் படைத்த டாவ்ரோஸ் என்ற விஞ்ஞானியைக் காட்டினார்கள். இரக்கம் என்பது பலவீனம், என் படைப்புக்கு அது வேண்டியதில்லை என்பது அவன் கட்சி. கடைசியில் அவன் தன்னுடைய விஞ்ஞானிகளிடம் இரக்கம் காட்டும்படி அவற்றைக் கெஞ்சுகிறான். இரக்கம் என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டத்தில் நம் ஊர்ப் பாட்டிமார்கள், "இதென்ன பிரமாதம், பஸ்மாசுரன் கதைதானே!" என்பார்கள். வாஸ்தவம். வரம் கொடுத்தவர் தலையிலேயே கை வைக்கப் போனவன் அவன். ஏவல் பூதத்தைப் பற்றியும் கிராமங்களில் ஒரு கதை உண்டு. மந்திரவாதிக்குக் கட்டுப்பட்ட பூதம். எந்த வேலை சொன்னாலும் நொடியில் முடித்து விடும். வேலை இல்லையென்றால் யஜமானனையே தின்று விடும். பயந்து போன யஜமானன் கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பினான். 2010-ல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி என்னும் ரோபோவுக்கு போரா என்ற விஞ்ஞானி சிவப்புச் சில்லைப் பொருத்தித் தன் ஏவலாளாக்கப் பார்க்கிறான். அவனும் அதற்குப் பலியாகிறான். அந்தப் படத்தின் வசனத்தில் பங்கு கொண்ட சுஜாதா, படம் வெளிவருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2008-ல் காலமாகி விட்டார்.

சுஜாதாவின் பெயரைச் சொன்னதும் நமக்குப் பஞ்சாயத்துப் பெட்டியின் ஞாபகம் வந்து விடுகிறது. அவருடைய 'என் இனிய இயந்திரா' முதலில் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, பிற்பாடு தூரதர்சனிலும் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் வருங்கால இந்தியா. பிள்ளை பெறுவதற்குக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த ராஜ்யத்தில் ஜீனோ என்ற யந்திர நாய் இருந்தது. கொடுங்கோலனின் கதையில் வரும் யந்திரமென்றால் கடித்துக் குதற வேண்டுமல்லவா? ஜீனோ புஸ்தகம் படித்தது! படித்ததனால் யோசித்தது. யோசித்ததனால் நிலா என்ற நிராதரவான பெண்ணின் பக்கம் சேர்ந்தது. கூண்டுக்குள் இருந்த அந்தக் கறுப்பு-வெள்ளைப் பெட்டியில் பார்த்தபோது, உலகத்தில் உள்ள நாய்களெல்லாம் ஜீனோவாக மாறி விட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தோம். உபாத்தியாயர் உத்தியோகத்துக்கு வந்த பின்பு அந்த ஆசையை மனிதர்களுக்கும் விஸ்தரித்து வைத்திருக்கிறோம்.

எழுத்தாளர் ஐஸக் அஸிமோவ் 1942-ல் எழுதிய ஒரு கதையில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை ஏற்படுத்தினார். மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது முதல் விதி. மனிதன் சொன்னதைக் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது விதிதான். அதுவும் முதல் விதிக்கு விரோதமில்லாத வரையில். இந்த வரிசைக் கிரமத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டெலிவிஷன் வில்லன்கள் செய்கிற காரியம் முதல் விதியை எடுத்து விட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக் கொள்வது. நமது பழைய மாணவர்கள் சிலர் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் யந்திரக் கைகளோடு வேலை செய்கிறார்கள். அங்கே அந்தக் கைகளைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கும். வேலிக் கதவை யாராவது திறந்தால் யந்திரம் அந்தக் கணமே நின்று விடும். நிறுத்தியது யந்திரத்தின் மனச்சாட்சி அல்ல. கதவில் வைத்த ஒரு சின்ன ஸ்விட்சு. அதை வைக்க வேண்டும் என்று நினைத்தவன் ஒரு மனிதன்.

நம் ஜில்லாவில் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. பாரதியாருடைய தோழர் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1925-ல் மறைந்த பாப்பாரப்பட்டிக்குச் சமீபத்தில், ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் நாம் அதை விடிய விடியப் பார்த்தோம். சூதாட்டம் முடிந்து விட்டது. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வா என்று துரியோதனன் கட்டளையிடுகிறான். முதலில் போகிறவன் துச்சாதனன் அல்ல. பிராதிகாமி என்ற தேர்ப்பாகன், வெறும் ஏவலாள். போகிறான். பாஞ்சாலி கேட்கிறாள், தருமர் முதலில் தம்மைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா என்று. அவன் அவளை இழுத்து வரவில்லை. அவள் கேள்வியை எடுத்துக் கொண்டு சபைக்குத் திரும்பி வருகிறான். மறுபடியும் போகச் சொல்லுகிறான் அரசன். மறுபடியும் கேள்வியோடு வருகிறான். மூன்றாம் முறை, அவளிடம் நான் என்ன சொல்ல என்று சபையைப் பார்த்தே கேட்டு விடுகிறான். பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். வில்வித்தையும் தர்ம சாஸ்திரமும் கரை கண்டவர்கள் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளக்காரனாகிய தேர்ப்பாகன்தான் தயங்கினான். இவன் பீமனுக்குப் பயப்படுகிறான் என்று பரிகாசம் செய்து விட்டு, துரியோதனன் தம்பியை அனுப்பினான்.

இந்தத் தேர்ப்பாகனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவன் அவளைக் காப்பாற்றவில்லைதான். வாளை உருவவில்லை, வேலையை விட்டு விலகவும் இல்லை. மூன்று நடை நடந்தான், அவ்வளவே. ஆனால் அந்த மூன்று நடையில், சபையில் இருந்த ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல மூன்று சந்தர்ப்பங்களை உண்டாக்கிக் கொடுத்தான். ஒரு யந்திரத்தை அனுப்பியிருந்தால் முதல் நடையிலேயே காரியம் முடிந்திருக்கும்.

தர்மபுரி ஜில்லாவிலிருந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் கடந்து போவது நியாயமாகாது. அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக் கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறைச் சிப்பந்திகள் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடந்து முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்து போனார்கள். பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு, 2011 ஸெப்டம்பர் 29-ந் தேதி, தர்மபுரிக் கோர்ட்டு மிகுந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் அதே தேதியில் சென்னை ஹைகோர்ட்டு அவர்களுடைய அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது.

இருநூற்று அறுபத்தொன்பது பேர்! ஒரே நிறச் சட்டை, ஒரே தொப்பி, ஒரே திசை நோக்கிய நடை. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு டெலிவிஷன் யந்திரங்களைப் போலவே இருந்திருக்கும். ஆனால் யந்திரங்கள் அல்ல. யந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதன் பெயரை உரக்கக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அந்தக் கிராமத்துப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்து, எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு சட்டைக்குள்ளும் பெயருடைய ஒரு மனிதன் இருந்தான் என்பது அப்போது ஊர்ஜிதமாயிற்று. அத்தனை பேரில் ஒரு பிராதிகாமிகூட இல்லாமல் போய் விட்டானே என்று நாம் நினைக்காத நாள் இல்லை.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதி விட்டு, நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நமது பேனாவே நம்மைப் பரிகாசம் செய்யும். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் வெளியே போனால் அவன்தான் ராஜப்பிரதிநிதி. இந்தக் காலத்தில் அவனுக்கு லீடர் என்று பெயர் மாறியிருக்கிறது. இருபது வருஷங்களுக்கு முன், நாம் வேலைக்கு வந்த புதிதில், ஒரு பள்ளிக்கூடத்தில் நமக்கு அப்படி ஒரு லீடர் வாய்த்தான். தங்கமான பையன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். ஆபீஸ் அறைக்கு நாம் போகும்போதெல்லாம், "பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதி வை" என்று சொல்லி விட்டுப் போவோம். திரும்பி வந்ததும் போர்டிலுள்ள கிரமப்படி பிரம்பால் ஆளுக்கு இரண்டு. விசாரணை கிடையாது. அடிக்கக் கூடாதென்று அப்போதும் சட்டம் இருந்தது. சட்டம் சென்னையில் இருந்தது. பிரம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒரு நாள் போர்டில் ஆறு பெயர்கள். ஆறாவது பெயர், வாயைத் திறந்து பேசியே நாம் கேட்டிராத ஒரு பையனுடையது. புளிய மரத்தடியில் கொட்டை பொறுக்கி உடைக்கும் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. கையை நீட்டினான். அடித்தோம். மற்றவர்களெல்லாம் "நான் பேசலை சார்" என்று சொல்லிக் கொண்டே அடி வாங்குவது வழக்கம். இவன் அதைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் நமக்கு உறுத்தியது. மாலையில் லீடரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் என்னடா பேசினான்?" என்று கேட்டோம்.

"யாருமே பேசலை சார். நீங்க பேர் எழுதச் சொன்னீங்க. போர்டு காலியா இருந்தா நான் எழுதலைன்னு நினைப்பீங்க. அதான் எழுதினேன்" என்றான்.

பயமோ, கபடமோ அவன் முகத்தில் இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டும் பிள்ளையின் முகந்தான் இருந்தது. முதல் ஐந்து பேர் வழக்கமாகப் பேசுகிறவர்கள். ஆறாவது பெயரை ஏன் சேர்த்தாய் என்றதற்கு, "அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான் சார்" என்றான்.

டாவ்ரோஸ் என்றும் பிரச்சோதனன் என்றும் மேலே எழுதினோமே, அவர்களுடைய தொழிற்சாலை எப்படியிருக்கும் என்று நமக்கு அன்றைக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவனை எடுத்து, சிவப்புச் சில்லு ஒன்றும் வைக்காமலே, ஆறு மாதத்தில் அப்படிச் செய்திருந்தோம். அந்த ஆறாவது பையன் மறுநாள் வழக்கம்போல் வந்தான். வாசற்படியில் நின்று வணக்கம் சொன்னான். அதைத் திரும்பச் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. போர்டில் பெயர் எழுதும் வழக்கத்தை நிறுத்தினோம், பிரம்பையும் நிறுத்தினோம். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்த வருஷம் முழுவதும் நினைத்துக் கொண்டிருந்தோம். கேட்கவில்லை. எட்டாவது முடிந்ததும் அவன் குடும்பத்தார் செங்கல் சூளை வேலைக்கென்று வெளியூர் போய் விட்டார்கள்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் பிராதிகாமியின் கதையைச் சொன்னோம். பாடப் புஸ்தகத்தில் இல்லை, இருந்தாலும் சொன்னோம். தேர்ப்பாகன் மூன்றாம் முறை சபையில் வந்து நின்ற இடத்தில் வகுப்பு நிசப்தமாயிருந்தது. அபிநயக்காரப் பையன்கூட வாளை உருவவில்லை. ஜன்னலோரத்துச் சிறுமி நோட்டுப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொண்டு, "அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றாள். சொன்னோம். முதலில் 'ப்ரதிகாமி' என்று எழுதினாள். அடித்து விட்டுத் திருத்தி எழுதிக் கொண்டாள்.